தெருவே பாடநூல்

நகரத்து இயற்கையைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், "நகரத்தில் இயற்கை எங்கே இருக்கிறது?" என்று நண்பர் ஒருவர் நகைத்தார். அவரைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. ஆசிரியனாகிய நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்குமாறு உச்ச நீதிமன்றம் 1991-ஆம் ஆண்டில் பணித்தது. அந்தப் பாடத்தை நானும் ஆண்டுதோறும் நடத்தினேன். மேகம், மழை, ஆறு, கடல் என்று கரும்பலகையில் வரைந்து அம்புக்குறியும் இட்டேன். அப்படத்தில் நாங்கள் வாழும் சென்னை மட்டும் இடம்பெறவில்லை.

2015-ஆம் ஆண்டு டிசம்பரில் பெருவெள்ளம் வந்தது. பள்ளி மீண்டும் திறந்த அன்று, மேற்கு மாம்பலத்து மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, மழைநீர் கடலுக்குப் போகும் என்றீர்களே, எங்கள் வீட்டுக்குள் ஏன் வந்தது?" என்று கேட்டாள். அவளுடைய புத்தகங்கள் யாவும் வெள்ளத்தில் அழிந்திருந்தன. நான் விடை சொல்ல இயலாமல் நின்றேன்.

விடையைத் தேடி வகுப்பையே வீதிக்கு அழைத்துச் சென்றேன். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்றொரு தெரு உண்டு. அங்கே ஏரி எதுவும் கண்ணுக்குத் தெரியாது. முன்னாளில் அங்குப் பரந்திருந்த நெடிய ஏரியை 1920-களில் வடித்துத்தான் தியாகராய நகரை அமைத்தார்கள். நுங்கம்பாக்கத்து ஏரி இருந்த நிலத்தில் இன்று வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. அருகிலுள்ள தெருவின் பெயரோ டேங்க் பண்டு ரோடு, அதாவது ஏரிக்கரைச் சாலை. ஏரிகள் மறைந்தன, பெயர்கள் நிலைத்தன, நிலத்தின் தாழ்வும் நிலைத்தது. நீர் தாழ்ந்த இடத்தையே நாடும் என்பதைச் சிறுவரும் அறிவர்.

நம் முன்னோர் ஏரிக்குக் கரை மட்டும் அமைக்கவில்லை. வயலுக்கு நீர்விட மதகும், மிகுந்த நீர் அடுத்த ஏரிக்குச் செல்லக் கலிங்கும் அமைத்தனர். அச்சங்கிலியின் கண்ணிகள் அறுந்தால், மழைக்காலத்தில் வெள்ளமும் கோடையில் வறட்சியும் ஒரே ஊரை வருத்தும். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் செம்பரம்பாக்கம், புழல் ஏரிகள் வறண்டு, சோலையார்பேட்டையிலிருந்து இரயிலில் குடிநீர் வந்ததை நாம் மறக்கலாகாது.

வெள்ளத்துக்குப்பின் என் வகுப்பில் ஒரு கணக்குப் போடுகிறோம். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. நூறு சதுரமீட்டர் கூரையின்மீது விழும் நீர் ஏறத்தாழ 1,40,000 லிட்டர். மழைநீர்ச் சேகரிப்பு 2003-ஆம் ஆண்டிலேயே கட்டாயமாயிற்று. எனினும் தம் வீட்டுக் கூரைநீர் எங்கே போகிறது என்பதை மாணவர் பலர் அறியார். வீட்டுக்குச் சென்று பார்த்துவருமாறு அவர்களை அனுப்புகிறேன். குழாய் அடைத்திருந்தால் பெற்றோரிடம் வற்புறுத்துவதும் பாடத்தின் பகுதியே.

பள்ளிக் கிணற்றில் கல்கட்டிய கயிற்றை இறக்கி, மாதந்தோறும் நீர்மட்டத்தைக் குறிக்கும் பணியைத் தொடங்கிவைத்தவள் அந்த மாணவியே. 2019 ஜூனில் கயிறு ஈரமின்றி மேலே வந்தது. அவ்வாண்டு ஐப்பசி மழைக்குப்பின் நனைந்து வந்தது. நான் பல்லாண்டுகள் வரைந்த அம்புக்குறிகள் கற்பிக்காததை அக்கயிறு கற்பித்தது.

நேயர்களே, உங்கள் குழந்தையை அடுத்த மழையன்று வாயிற்படியில் நிறுத்தி, "இந்த நீர் எங்கே போகிறது?" என்று கேளுங்கள். விடை தெரியாவிடில் நாணவேண்டாம். மழை விட்டதும் இருவரும் சேர்ந்து அதன் வழியே நடந்து பாருங்கள்.