கையெழுத்திடுமுன் காகிதத்தை அறிவோம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

பாட்டும் நாடகமும் நடைபெற இருக்கும் இந்த மேடையில், மரணத்துக்குப் பின் நிகழ வேண்டியவற்றைப் பற்றிப் பேச முன்வந்ததற்கு முதற்கண் பொறுத்தருள வேண்டுகிறேன். ஒருவர் வீட்டில் துக்கம் நேர்ந்தால் நம் காலனியார் உதவியில் குறை வைப்பதில்லை. சோறு சமைத்து அனுப்புகிறோம். ஊரிலிருந்து வருவோருக்குப் பாய் விரிக்கிறோம். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவரவர் வேலைக்குத் திரும்பி விடுகிறோம். ஆனால் காகிதங்கள் வரத் தொடங்குவது அதற்குப் பிறகுதான். "இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்று யாரோ ஒருவர் விரலால் சுட்டிக் காட்ட, அந்தத் தாய் கண்ணீரோடு கையெழுத்திடுகிறாள். எதில் இட்டோம் என்பதை அவள் அறியாள்.

நான் வழக்கறிஞன் அல்லேன். மெட்ரிகுலேஷன் தேறி, ரயில்வே அலுவலகத்தில் காகிதங்களோடு காலம் கழிக்கும் குமாஸ்தா. படித்தும் கேட்டும் தெரிந்துகொண்ட சிலவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவதாக மொழியைக் குறித்துச் சொல்ல வேண்டும். திருவனந்தபுரத்து அலுவலகங்களில் வழங்கும் சில சொற்கள் நம் செவிக்குப் பழகியவை போலவே ஒலிக்கும், பொருளோ வேறு. "ஆதாரம் கொண்டு வரவும்" என்றால் நம்மவர் ஆதார் அட்டையை நீட்டுகிறார்கள். மலையாளத்தில் ஆதாரம் என்பது வீட்டுப் பத்திரம். முன்னாதாரம் என்பது அதற்கு முந்திய மூலப் பத்திரம். "வில்பத்திரம்" என்று கேட்டதும் வீட்டை விற்கச் சொல்கிறார்களோ என்று அஞ்ச வேண்டாம், அது உயில். ஒஸ்யத்து என்பதும் அதுவே. அனந்தராவகாசி என்றால் வாரிசு. போக்குவரவு என்றால் தமிழ்நாட்டில் நாம் பட்டா மாற்றம் என்கிறோமே, அது. ஒழிமுறி என்றால் விடுதலைப் பத்திரம். அதாவது தன் பங்கை விட்டுக் கொடுத்து எழுதுவது. இந்தக் கடைசிச் சொல்லைத் தாய்மார்கள் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி உயிலைப் பார்ப்போம். நம்மில் பலருக்குக் கரமனையில் ஒரு வீடும், நாகர்கோவில் பக்கம் சிறிது நிலமும், சென்னையில் பிள்ளைகளுக்காக வாங்கிய ஒரு வீடும் இருக்கக்கூடும். ஒரே உயிலில் மூன்றையும் எழுதி வைத்துவிட்டு ஒருவர் மறைந்தார் என்று கொள்வோம். புரொபேட், அதாவது உயில் மெய்யானது என்று நீதிமன்றம் சான்றளிக்கும் உத்தரவு, இவற்றுக்கு வேண்டுமா?

1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவு, சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களைச் சார்ந்த இந்துக்களின் உயில்களுக்குப் புரொபேட்டைக் கட்டாயமாக்கியிருந்தது. வெள்ளையர் ஆட்சியின் தலைநகரங்களாக அவை இருந்ததன் எச்சம் அது. ஆகவே கரமனை வீட்டுக்கும் நாகர்கோவில் நிலத்துக்கும் வேண்டாத புரொபேட், சென்னை வீட்டுக்கு மட்டும் வேண்டியிருந்தது. அதற்காகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குக் குடும்பங்கள் அலைந்தன. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு அக்கட்டாயம் 2002ஆம் ஆண்டின் திருத்தத்தால் நீங்கியது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்த 213ஆம் பிரிவையே நீக்கிவிட்டது. எனவே, "புரொபேட் இல்லாமல் ஒன்றும் நடவாது, இவ்வளவு பணம் கட்டுங்கள்" என்று எவரேனும் அச்சுறுத்தினால் உடனே பணத்தை எடுத்துவிடாதீர்கள். சட்டம் அறிந்தவரிடம் கேளுங்கள்.

இதனால் உயிலை எப்படியும் எழுதலாம் என்று ஆகிவிடாது. எழுதியவரின் கையெழுத்தும், இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் இருத்தல் வேண்டும். தகராறு எழுந்தால் அந்தச் சாட்சிகளுள் ஒருவரேனும் நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டும். ஆகையால் உங்களைவிட இளையவர்களையே சாட்சியாக வையுங்கள். உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை, செய்வது நல்லது. தமிழில் எழுதினாலும் உயில் செல்லும். நீதிமன்றத்துக்குச் செல்லும்போது மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும், அவ்வளவே.

உயில் இல்லாவிட்டால் என்ன செய்வது? 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஓர் ஆண்மகன் தானே சம்பாதித்து விட்டுச்சென்ற சொத்தில் மனைவி, மகன், மகள், இறந்தவரின் தாய் ஆகியோருக்குச் சம பங்கு உண்டு. மனைவியும் தாயும் ஒரு மகனும் இரண்டு மகள்களும் இருந்தால் ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு. மணமாகிப் போன மகளுக்கும் அதே பங்குதான். "அம்மா, வீடு என் பெயரில் இருந்தால் வரி கட்டச் சுலபம்" என்று மகன் நல்ல எண்ணத்தோடே ஒழிமுறியை நீட்டலாம். போக்குவரவுக்கு ஒழிமுறி தேவையில்லை. எல்லா வாரிசுகளின் பெயரிலும் கூட்டாகப் போக்குவரவு செய்து கரம் கட்டலாம். விட்டுக் கொடுக்க விரும்பும் தாய் விட்டுக் கொடுக்கட்டும். எதை விடுகிறோம் என்று அறிந்து விடட்டும் என்பதே என் வேண்டுகோள்.

வாரிசுச் சான்றிதழைத் தாசில்தார் வழங்குகிறார். அரசிதழில் அறிவிப்பு வெளியிட்டு, ஆட்சேபம் தெரிவிக்க 30 நாள் அவகாசம் தந்த பின்னரே அது கிடைக்கும். ஆகவே இதற்கு மட்டும் தாமதியாமல் மனுக் கொடுங்கள்.

வங்கிப் பணத்தில் நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கைதான், உரிமை வாரிசுகளுடையது. நாமினி இல்லையென்றாலும் அஞ்ச வேண்டாம். வணிக வங்கிகளில் 15 லட்சம் ரூபாய் வரை, உயிலோ தகராறோ இல்லாதவிடத்து, நீதிமன்றச் சான்றிதழ் கேளாமல் எளிய முறையில் தீர்க்க வேண்டும் என்றும், எல்லாக் காகிதங்களும் சேர்ந்த 15 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் விதித்திருக்கிறது.

என் சக ஊழியர்களின் இல்லத்தரசிகளுக்கு ஒரு சொல். குடும்ப ஓய்வூதியத்தை உயிலால் மாற்ற முடியாது. ஒரு ரயில்வே ஊழியர் தம் சகோதரர் பெயரில் உயில் எழுதிவிட்டு மறைந்தார், மனைவி வழக்காடினார். குடும்ப ஓய்வூதியம் விதிகளின்படி குடும்பத்துக்கே உரியது, இறந்தவரின் சொத்தில் அது சேராது என்று உச்ச நீதிமன்றம் 1991இல் தீர்ப்பளித்தது.

இவற்றையெல்லாம் யாரிடம் கேட்பது? வஞ்சியூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையம் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அங்கே இலவச உதவி உண்டு. ஏழையராயின் ஆண்களுக்கும் உண்டு. வழக்கறிஞர், நீதிமன்றக் கட்டணம், காகிதங்களின் மொழிபெயர்ப்பு ஆகியவை அவ்வுதவியில் அடங்கும். 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம். உடன்பிறந்தாரிடையே பூசல் இருந்தால் லோக் அதாலத்தில் பேசி முடிக்கலாம். அங்கே எழுதப்படும் முடிவு நீதிமன்றத் தீர்ப்புக்கு நிகரானது, அதன்மேல் அப்பீல் இல்லை. ஆகவே அங்கும் படித்தறிந்தே கையெழுத்திட வேண்டும்.

இறுதியாகச் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தமிழும் மலையாளமும் நன்கு படிக்கத் தெரிந்த இருவர் நம் சங்க அறையில் அமர்ந்திருக்கட்டும். துக்க வீட்டார் கொண்டுவரும் காகிதத்தை அவர்கள் தமிழில் வாசித்துக் காட்டினால் போதும். ஆலோசனை கூறுவது வஞ்சியூரில் உள்ளவர்களின் வேலை. ஆணையத்திலிருந்து ஒரு வழக்கறிஞரை அழைத்து ஆண்டுக்கு ஒருமுறை வகுப்பும் நடத்தலாம். வாசிக்கும் இருவருள் ஒருவனாக அமர அடியேன் ஆயத்தமாக இருக்கிறேன். மற்றொருவர் இந்த அவையிலிருந்தே முன்வருவார் என்று நம்பி விடைபெறுகிறேன்.