பழைய டெம்போவும் நம்ம பொண்ணுங்களும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாத குழுக்களுக்காக இங்கே தருகிறோம்.)



இன்னிக்கு நான் கடன் வசூல் பற்றிப் பேசப் போறதில்லை, பயப்படாதீங்க. ஒரு பழைய டெம்போவைப் பற்றிப் பேசப் போறேன்.

நம்ம பக்கத்து ஊர் உறுப்பினர் ஒரு அக்கா. பெயர் வேண்டாம். அவருடைய கணவர் இருந்த காலத்தில் ஒரு பிக்கப் டெம்போ வைத்திருந்தார். ராயக்கோட்டை மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிப் போவார். அவர் காலமான பிறகு வண்டி புளியமரத்தடியில் நின்றது. நாலு வருஷம். சீட்டுக்கு அடியில் கோழி முட்டை இட ஆரம்பித்தது. பழைய இரும்புக்காரர் வந்து எடைக்குக் கேட்டார்.

அக்காவின் மகள் பத்தாவது முடித்து, அரசு ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்துக்கொண்டிருந்தாள். "இரும்புக்குப் போடாதம்மா, நானே ஓட வைக்கிறேன்" என்றாள். அவளோடு சேர்ந்தது அவள் தம்பியும், பிளஸ் டூ தொழிற்கல்விப் பிரிவில் படிக்கும் இரண்டு பிள்ளைகளும். மே மாத லீவு. சாமான் வாங்க 15,000 ரூபாய் உள்கடன் வேண்டும் என்று அக்கா குழுவில் கேட்டார்.

அதே வாரம் பெண் பார்க்கவும் வந்துவிட்டார்கள். பெண்ணுக்கு வயது 17. "கை பூரா கிரீஸா இருக்கே, பொம்பளப் புள்ளை மாதிரியா இருக்கு?" என்று கேட்டார்களாம். வண்டியை எடைக்குப் போட்டால் கல்யாணச் செலவுக்கு ஆகும் என்று உறவுக்காரர்களும் சொன்னார்கள்.

இப்போ என் பங்கையும் சொல்லணும். சமூகப்பணி படித்தவள் நான். பெண் கல்வி பற்றி உங்களுக்குப் பயிற்சி நடத்துகிறவள். ஆனால் அந்தக் கடன் மனு வந்தபோது, "வருமானம் வராத கடன், வேண்டாம்" என்று சொன்னவளும் நான்தான். அப்போ ஒரு மூத்த உறுப்பினர் எழுந்து, "கல்யாணத்துக்குன்னு கேட்டிருந்தா இந்நேரம் தீர்மானம் எழுதி முடிச்சிருப்போம், இல்லைங்களா மேடம்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

கடன் கொடுத்தோம். "18 முடியட்டும், படிப்பும் முடியட்டும், அப்புறம் பேசலாம்" என்று அக்காவே மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார்.

அந்தப் பிள்ளைகள் எப்படி வேலை செய்தார்கள் என்று நான் போய்ப் பார்த்தேன். முதல் நாலு நாள் எதையும் கழற்றவே இல்லை. ஒவ்வொரு பாகத்தையும் செல்போனில் படம் எடுத்தார்கள். கழற்றும் போல்ட்டுகளைப் போடப் பழைய பெயின்ட் டப்பாக்களில் சீட்டு ஒட்டினார்கள். என்ன கெட்டிருக்கு, என்ன வாங்கணும், எவ்வளவு ஆகும் என்று நோட்டில் எழுதினார்கள். நம்ம வரவு செலவு நோட்டு மாதிரியேதான்!

ஒரு ஷெட் மேஸ்திரி சாயங்காலம் வந்து கற்றுக்கொடுத்தார். புகையைப் பார்த்தே நோயைச் சொல்லலாம் என்றார். நீலப் புகை வந்தால் ஆயில் எரியுது, பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். கருப்புப் புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகுதா என்று பார்க்கணும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதே, ஸ்டாண்டு வை என்று தினமும் சொன்னார். துப்பட்டா கூடாது, முடியை இறுக்கிக் கட்டணும் என்பதும் அவர் போட்ட சட்டம்.

எஞ்சினை செயின் பிளாக் போட்டு இறக்கினார்கள். துரு தின்ற தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தார் மேஸ்திரி. பட்டி வைத்து, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்தது எல்லாம் பிள்ளைகள். எஞ்சின் முதல்முறை உறுமினபோது அந்த அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் கணவர் போன பிறகு அந்தச் சத்தத்தை அன்றுதான் கேட்கிறார்.

ஆனால் எஃப்.சி.க்குப் போனபோது வண்டி பாஸாகவில்லை. பிரேக் பிடித்தால் ஒரு பக்கமாக இழுத்தது. பிள்ளைகள் திரும்ப வந்து சக்கரத்தைக் கழற்றினார்கள். ஒரு பக்க வீல் சிலிண்டர் கசிந்திருந்தது. அதை மாற்றி இரண்டாவது முறை பாஸானது. இப்போ வண்டி தக்காளிக்குப் போகுது. கடனில் இன்னும் மூணு தவணை பாக்கி இருக்கு. அதையும் மறைக்கக் கூடாது.

இது நம்ம ஊர்ல மட்டும் நடக்கிற அதிசயம் இல்லைங்க. அமெரிக்காவில் பல உயர்நிலைப் பள்ளிகளில் பட்டறை வகுப்பு உண்டு. பழைய பிக்கப் வண்டியைப் பிள்ளைகளே பிரித்துப் பூட்டிப் புதுசாக்குவார்கள். பிலடெல்பியா நகரில் ஏழைகள் அதிகம் வாழும் பகுதியில் இருக்கும் வெஸ்ட் பிலடெல்பியா உயர்நிலைப் பள்ளியில், சைமன் ஹாகர் என்ற ஆசிரியர் 1998-ல் பள்ளி முடிந்த பிறகு நடக்கும் மோட்டார் வகுப்பு ஒன்றை ஆரம்பித்தார். குறைந்த எரிபொருளில் அதிக தூரம் ஓடும் கார்களுக்கான எக்ஸ் பிரைஸ் என்ற உலகப் போட்டியில், 2010-ல் அந்தப் பிள்ளைகள் பெரிய கம்பெனிக்காரர்களோடு போட்டியிட்டு அரையிறுதி வரை போனார்கள். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் அவர்களை இனி யார் "உனக்கு என்ன தெரியும்" என்று கேட்க முடியும்?

நம்ம கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு கதையும் உங்களுக்குத் தெரியும். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. ஹோட்டலில் வேலை செய்து காசு சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். அதைப் பிரித்துப் பிரித்துப் பூட்டித்தான் எஞ்சினைக் கற்றார். 1920-ல் பொள்ளாச்சி பழனி வழியில் சொந்த பஸ் ஓட்டினார்.

நம்ம ஓசூரே மோட்டார் ஊர். டி.வி.எஸ். 50 மொபெட் 1980-ல் இங்கிருந்துதான் வந்தது. அசோக் லேலண்ட் இங்கே இருக்கு. அவர்கள் 2023-ல் ஓசூர் ஆலையில் பெண்கள் மட்டுமே எஞ்சின் பூட்டும் ஒரு பிரிவைத் தொடங்கினார்கள். ஆகவே பெண்ணால் முடியுமா என்ற கேள்வி முடிந்துபோச்சு.

ஆனால் ஒரு வித்தியாசத்தை யோசிங்க. நம்ம பொண்ணுங்க நிறைய பேர் விடியற்காலை கம்பெனி வேன் ஏறி, கான்ட்ராக்டில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்துவிட்டு வர்றாங்க. கான்ட்ராக்ட் முடிந்தால் கையில் என்ன மிச்சம்? ஒரு வண்டியை முழுசாகப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவளுக்கு, கம்பெனி கதவு மூடினாலும் கைத்தொழில் இருக்கும். மின்சார வண்டி வந்தாலும் பிரேக்கும் சக்கரமும் ஒயரிங்கும் இருக்கத்தானே செய்யும்.

இப்போ செய்ய வேண்டியதைச் சொல்றேன், குறிச்சுக்குங்க.

ஒன்று. பிளஸ் டூவில் தொழிற்கல்விப் பிரிவு 1978-லிருந்தே நம்ம மாநிலத்தில் உண்டு. உங்க பக்கத்துப் பள்ளிகளில் என்னென்ன பிரிவு இருக்குன்னு பெற்றோர் கூட்டத்தில் கேளுங்க.

இரண்டு. ஐ.டி.ஐ. நோட்டீசில் 'கம்மியர் மோட்டார் வாகனம்' என்று போட்டிருக்கும். பத்தாவது பாஸ் போதும், 2 வருஷம். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்காக 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாய் ஐ.டி.ஐ.க்கும் உண்டு. யார் யாருக்குன்னு நிலையத்தில் கேட்டுக்குங்க. பெண்களுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. உங்களுக்கும்தான் சொல்றேன்!

மூன்று. சேர்க்கும் முன் பட்டறையை நேரில் போய்ப் பாருங்க. பெண்களுக்குக் கழிப்பறை, உடை மாற்ற அறை இருக்கா? இல்லையென்றால் கூட்டமைப்பு லெட்டர்பேடில் மனு கொடுப்போம்.

நான்கு. வீட்டில் நிற்கும் பழைய வண்டியை, மோட்டாரை இரும்புக்குப் போடும் முன், பிள்ளைகள் பிரித்துப் பழகக் கொடுங்க.

1989-ல் மகளிர் குழுத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் ஆரம்பித்ததே அன்றைய தர்மபுரி மாவட்டத்தில்தான். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அப்போ அதற்குள்தான் இருந்தன. "பொம்பளைக்கு பேங்க்ல என்ன வேலை?" என்று அன்னிக்குக் கேட்டார்கள். நீங்க போய் கையெழுத்துப் போட்டுக் காட்டினீங்க. இப்போ உங்க பொண்ணு ஸ்பேனர் கேட்கிறாள். அதே கேள்வியை நாம அவளிடம் கேட்கலாமா?

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, படிப்புக்கும் தொழில் பழகவும் எத்தனை கடன், கல்யாணத்துக்கு எத்தனை கடன் என்று ஒவ்வொரு குழுவும் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு வாங்க. நானும் என் கணக்கைப் பார்த்துக்கொண்டு வர்றேன்.