கொடி பிடிக்கும் கைக்கு எந்தக் கணக்கில் கூலி?

(கட்டுமானத் தொழிலாளர் அரங்கின் முன்னணி ஊழியர்களுக்கான வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாலைப் பணி நடக்கும் இடத்தில் வாகனங்களை நிறுத்தி அனுப்ப வேண்டியவர் காவலரா, ஒப்பந்ததாரர் அமர்த்திய கொடி காட்டும் தொழிலாளியா? இது நம் வகுப்புக்குரிய பொருள்தானா என்று சிலர் எண்ணக்கூடும். பொதுச் சாலையில் அரசின் கடமை ஒன்றைச் செய்யும் மனிதர் என்ன கூலிக்கு, என்ன அதிகாரத்தோடு, யாருடைய பொறுப்பில் நிற்கிறார் என்பதே இதன் உள்ளடக்கம். ஆகவே இது நம்முடைய பொருள்தான்.

இந்த விவாதம் மிகக் கூர்மையாக நடந்த இடம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம். அங்கே தெருவில் குழி தோண்டினால், தமது வழக்கமான பணிநேரம் முடிந்த போலீஸ்காரர் ஒருவர் சீருடையோடு வந்து நிற்பது நெடுநாள் வழக்கம். அதற்கான தொகையைப் பணியை நடத்துவோர் கொடுப்பார்கள். முடிவில் அது வரியாகவோ மின்கட்டணமாகவோ மக்கள் தலையில் இறங்கும். சிறிது நேர வேலையானாலும் நான்கு மணி நேரக் கூலி என்பது பல ஊர்களில் விதி. பிற மாநிலங்களில் இந்த வேலையைப் பெரும்பாலும் பயிற்சி பெற்ற தொழிலாளர்களே செய்துவந்தனர். 2008ஆம் ஆண்டு ஆளுநர் டெவல் பேட்ரிக்கின் அரசு, வேகமோ போக்குவரத்தோ குறைந்த மாநிலச் சாலைகளில் அத்தகைய தொழிலாளர்களை அமர்த்தலாம் என்று விதி கொண்டுவந்தது. (அங்கே ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர், நம் ஆளுநர் மாளிகைகளில் இருப்பவர்களை நினைத்துக்கொள்ள வேண்டாம்.)

போலீஸ் சங்கங்கள் கொதித்தெழுந்தன. சீருடை இல்லாவிட்டால் ஓட்டுநர் மதிக்க மாட்டார், மக்களின் பாதுகாப்பே போய்விடும் என்றன. வரிப்பணம் மிச்சமாகும் என்றது அரசு. இரு தரப்பும் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. மீதிப் பாதி வருமானக் கணக்கு. நமக்குப் பாடமாவது வேறொன்று. அரசுப் பணியில் ஈடுபடும் கட்டுமானத் தொழிலாளிக்கு அரசு நிர்ணயிக்கும் நடைமுறை ஊதியத்துக்குக் குறையாமல் தர வேண்டும் என்ற பழைய சட்டம் அங்கே இருக்கிறது. கொடி காட்டும் தொழிலாளிக்கும் அது பொருந்தியது. ஆகவே சீருடை மாறியபோது கூலி அதலபாதாளத்துக்குப் போகவில்லை. முதலாளிகள் எதிர்பார்த்த மலிவு உழைப்பு கிடைக்கவில்லை. கூட்டுப்பேரம் மூலம் ஏற்கெனவே ஒப்பந்தம் செய்திருந்த ஊர்களில் அந்த ஒப்பந்தங்களும் மதிக்கப்பட்டன.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே அந்த விவாதம் நடக்கவே இல்லை. ஏனெனில் கொடி பிடிப்பவர் ஒப்பந்ததாரரின் ஆள் என்று தொடக்கத்திலேயே முடிவாகிவிட்டது. பணியிடப் போக்குவரத்துக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் வழிகாட்டி நூல் வெளியிட்டிருக்கிறது. கொடி எத்தனை சென்டிமீட்டர் என்பதுகூட அதில் உண்டு: நீளம் 60, அகலம் 60. முன்னெச்சரிக்கைப் பகுதி எங்கே தொடங்க வேண்டும், தடுப்புகளை எப்படிச் சாய்வாக வைக்க வேண்டும் என்றெல்லாம் விரிவாக எழுதப்பட்டுள்ளது. குறை சொல்ல முடியாத நூல். ஆனால் பணத்தைத் தீர்மானிப்பது வேறோர் ஏடு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் பொது விவரக்குறிப்பில் 112ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். தற்காலிக மாற்றுப்பாதை அமைப்பதற்கு அளவும் விலையும் உண்டு. மற்றப் போக்குவரத்து ஏற்பாடுகள் பணியோடு சேர்ந்த செலவாகவும் ஒப்பந்ததாரரின் பொறுப்பாகவும் கருதப்படும். ஜல்லிக்குக் கனமீட்டர் கணக்கு, தாருக்கு டன் கணக்கு. கொடி பிடிக்கும் மனிதருக்குத் தனிக் கணக்கே இல்லை.

இதன் விளைவை விளக்க வேண்டியதில்லை. தனித்தொகை இல்லாத எந்தச் செலவும் ஒப்பந்ததாரரின் லாபத்திலிருந்து கழியும். குறைத்து டெண்டர் போட்டவர் முதலில் கைவைப்பது அங்கேதான். ஜல்லி கொட்டிக்கொண்டிருந்தவர் கையில் ஒரு சிவப்புத் துணியைக் கொடுத்து நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலும் அவர் வெளிமாநிலத் தொழிலாளி. ஓட்டுநர் கத்தும் மொழி அவருக்குப் புரியாது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு நொடியில் 28 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் கண்டு, உணர்ந்து, பிரேக்கை மிதிக்க இரண்டரை நொடி என்று பொறியாளர்கள் கணக்கிடுகிறார்கள். பிரேக் பிடிக்கும் முன்பே 70 மீட்டர் போய்விட்டது. எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் ஒதுங்க வழி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது கற்றுத்தர வேண்டிய தொழில். அவருக்கு அதைக் கற்றுத்தந்தவர் யார்?

அதிகாரத்தையும் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 119ஆவது பிரிவு, போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் போலீஸ் அதிகாரியின் உத்தரவுக்கு ஓட்டுநர் கீழ்ப்படிய வேண்டும் என்கிறது. கொடி பிடிப்பவரைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. 2019 திருத்தத்தில் 198ஏ பிரிவு வந்தது. சாலைத் தரவிதிகளை மீறியதால் மரணமோ ஊனமோ நேர்ந்தால் ஒப்பந்ததாரருக்கும் பொறுப்பான அதிகார அமைப்புக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பல நூறு கோடி ரூபாய் ஒப்பந்தத்துக்கு ஒரு லட்சம்!

அப்படியானால் எல்லா இடத்திலும் காவலரையே நிறுத்தக் கோரலாமே என்று தோழர்கள் கேட்கிறார்கள். நாடு முழுவதும் காவல்துறையில் காலியிடங்கள் ஐந்து லட்சத்தைத் தாண்டியவை. எனவே பல ஊர்களில் காவலர் என்ற பெயரில் சந்தியில் நிற்பவர் ஊர்க்காவல் படையினர். அவரும் தினப்படி வாங்குபவரே. ஊர்க்காவல் படையினரின் மாதத் தொகை காவலரின் குறைந்தபட்ச ஊதியத்துக்கு இணையாக அமையும்படி தினப்படியை நிர்ணயிக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. சீருடை அணிந்ததாலேயே ஒருவர் உழைப்புச் சுரண்டலிலிருந்து தப்பிவிடுவதில்லை.

எனது கருத்து இது. தேசிய நெடுஞ்சாலையில் இரவில் ஒரு தடத்தை அடைக்கும்போதும், பெரிய சந்திப்புகளைத் திருப்பிவிடும்போதும் காவல்துறை நேரில் இருக்கத்தான் வேண்டும். வேகமாக வரும் வாகனத்தை நிறுத்தும் சட்ட அதிகாரம் இன்று அவர்களிடமே உள்ளது. மற்ற இடங்களில் பயிற்சியும் சான்றிதழும் பெற்ற தொழிலாளி நிற்கட்டும். அவரது சைகைக்குக் கீழ்ப்படிவதைச் சட்டத்தில் ஐயமின்றி எழுதட்டும். அவரது கூலியும் உபகரணங்களும் எஸ்டிமேட்டில் தனி இனமாக வரட்டும். ஆளை நிறுத்தாத நாளுக்கு அந்தத் தொகை ஒப்பந்ததாரருக்குக் கிடைக்கக்கூடாது. மூன்றாவது கோரிக்கையை நான் முதலில் வைப்பேன். அது கிடைத்தால் மற்ற இரண்டுக்கும் அழுத்தம் தானாகவே கூடும்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நிலைமையை மேலும் கடினமாக்கியுள்ளன. ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாப்பு முன்பு 20 பேர் என்ற வரம்பில் தொடங்கியது, இப்போது 50. சாலைப் பணியில் ஒரு உள் ஒப்பந்ததாரரின் கீழ் 50 பேர் இருப்பது எத்தனை இடத்தில்? குறைந்தபட்சக் கூலி உரிமை அப்போதும் உண்டு என்பதை மறந்துவிடக்கூடாது. கட்டுமான நல வாரியத்தில் அவரைச் சேர்க்க 90 நாள் வேலைச் சான்று வேண்டும். வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லாதவருக்கு அந்தச் சான்றை யார் தருவார்?

எனவே கிளைகள் செய்ய வேண்டியது: உங்கள் பகுதியில் நடக்கும் ஒரு சாலைப் பணியைத் தேர்ந்துகொள்ளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒப்பந்தத்தையும் போக்குவரத்து ஏற்பாட்டுத் திட்டத்தையும் கேளுங்கள். கொடி பிடிப்பவரிடம் பேசுங்கள்: என்ன கூலி, எத்தனை மணி நேரம், பதிவேட்டில் பெயர் உண்டா? மேஸ்திரி இல்லாத நேரத்தில் பேசுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் அவருக்கு வேலை இராது. பகலில் பார்த்தது போதாது. அதே இடத்துக்கு இரவு பத்து மணிக்கு மேல் ஒருமுறை போய்வர வேண்டும். சிவப்புத் துணி இருளில் தெரியாது. ஒளிரும் மேலங்கி இருக்கிறதா, கையில் விளக்கு இருக்கிறதா, அந்த நேரத்தில் அங்கே ஆளே இருக்கிறாரா என்று எழுதி அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.