புண்பட்ட இருதயம் ஆறுமா?



கையிலே வெட்டுக்காயம் பட்டாற் சில நாட்களில் தோல் கூடிவிடுகின்றது. மாரடைப்பினாற் புண்பட்ட இருதயம் அவ்வாறு கூடுவதில்லை. ஏன்? பல்கலைக்கழக மாணவராகிய நாம் இன்று உங்கள்முன் வைக்க விரும்புவது இவ்வினாவையே.

இருதயத் தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் முடியுரு நாடி அடைபட்டால், ஒட்சிசன் கிடையாது தசைக்கலங்கள் மடியத் தொடங்குகின்றன. பெரியதொரு மாரடைப்பில் மடிபவை நூறு கோடி வரையாகலாம். அவற்றின் இடத்தை நிரப்புவது தசையன்று, வடுவே. ரி.ஜி.எவ். பீற்றா என்னும் புரதம் நார்நெய்யும் கலங்களைத் தூண்டி அவ்வடுவை ஆக்குவிக்கின்றது. வடுவை நாம் பழித்தலாகாது. அஃதின்றேல் இருதயச் சுவரே கிழிந்துவிடக்கூடும். ஆயினும் வடு தசைபோலச் சுருங்கி இயங்காது. அது மிகுந்தால் இருதயம் விறைத்துத் தளரும்.

இவ்வாறு கலங்களை வளரவும் பெருகவும் தொழிற்படவும் ஏவுகின்ற புரதங்களே வளர்ச்சிக் காரணிகள். இவற்றுட் சிலவற்றைக் கண்டறிந்தமைக்காக றீற்றா லெவி-மொந்தால்சினி அம்மையாரும் ஸ்ரான்லி கோகனும் 1986இல் நொபெல் பரிசு பெற்றனர். வீ.ஈ.ஜி.எவ். என்பது புதிய குருதிக்குழாய்களை முளைப்பிக்கும். நியூறெகுலின் என்பது எலிகளின் இருதயத் தசைக்கலங்களைப் பிரியச் செய்ததென 2009இல் அறிவிக்கப்பட்டது.

அவ்வாறாயின் இவற்றை ஊசிமூலம் ஏற்றிவிடலாமே என நீங்கள் கேட்கலாம். ஏற்றியும் பார்த்தனர். 2003இல் வெளியான பரிசோதனையொன்றிலே, வீ.ஈ.ஜி.எவ். பெற்ற நெஞ்சுவலி நோயாளர் அறுபதாம் நாளில், வெறுமருந்து பெற்றவர்களிலும் மேலாகத் தேறவில்லை. குருதியில் இட்ட புரதம் விரைவில் அழிந்துபோகின்றது. உரிய இடத்தில், உரிய காலம்வரை அது தங்கவேண்டும். ஆதலின், மெல்ல மெல்லக் கசியவிடும் கூழ்களை விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகின்றனர்.

நம்பிக்கைக்கு இடமுண்டா? உண்டு. அணுக்குண்டுப் பரிசோதனைகள் வளியிலே பரப்பிய காபன்-14ஐக் கொண்டே சுவீடன் விஞ்ஞானிகள் 2009இல் ஓருண்மையை வெளியிட்டனர்: இருபத்தைந்து வயதில் ஆண்டுக்கு நூற்றிலொரு பங்கு இருதயத் தசைக்கலங்கள் புதிதாகின்றன, எழுபத்தைந்து வயதில் அதிற் பாதிக்கும் குறைவு. கதவு முற்றாக மூடப்படவில்லை. ஒரு சிறு நீக்கல் உண்டு. அழிக்கப் பிறந்த குண்டும் ஆக்கத்திற்கொரு சான்று தந்தது!

அக்கதவு திறக்கும்வரை நம் கையிலிருப்பது காலமொன்றே. நெஞ்சு இறுகி வியர்த்தால், வாய்வுக் குத்தென்று உள்ளி சுட்டுத் தின்றுவிட்டு விடியும்வரை காத்திராதீர்கள்; உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். இழந்த தசையை மீட்டுத்தர இன்றுவரை மருந்தில்லை. இழவாமற் காக்க வழியுண்டு. இதனை வீட்டிலுள்ள முதியோருக்கு எடுத்துரைப்பது இளைஞராகிய நம் கடனாகும்.