முப்பத்தொரு பேருக்கு ஒரு பானை

(மார்கழி மாதத் தோட்டக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு. கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்காக இங்கே எழுத்தில் தருகிறோம்.)



காலையில் பிரட்டுக்குப் போய், மலையேறி, கொழுந்து நிறுத்து, பீலியில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு இந்தக் குளிரிலே கூட்டத்துக்கு வந்திருக்கிறீர்கள். அதனாலே நீட்டி முழக்காமல் பேசுகிறோம்.

மார்கழி பிறந்துவிட்டது. விடியற்காலம் கோயில் பக்கம் பஜனை கேட்கிறது. இராத்திரியில் கரோல் பாடிக்கொண்டு பிள்ளைகள் லயம் லயமாக வருகிறார்கள். இன்னும் கொஞ்ச நாளில் நத்தார், அப்புறம் புதுவருசம், அப்புறம் தைப்பொங்கல். நுவரெலியா பக்கம் தை மாசியில் புல்லின் மேலே வெள்ளையாக உறைபனி கிடக்கும், கொழுந்தும் கருகிப்போகும். அந்தக் குளிரிலும் நம்முடைய லயங்களில் சூடு குறையாத காலம் இதுதான். ஏன்? ஆட்கள் வருகிறார்கள். கொழும்பிலே கடையில் நிற்கிற தம்பி வருவான். வேறு தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போன அக்கா பிள்ளைகளோடு வருவாள். மத்திய கிழக்கில் இருந்து லீவு கிடைத்தால் சின்னம்மாவும் வருவாள்.

இன்றைக்கு நாங்கள் பேசப் போவது இந்தக் கூடுகையைப் பற்றித்தான். அறிவுரை சொல்ல வரவில்லை. எங்கள் குடும்பத்திலே நடந்ததைச் சொல்கிறோம். உங்களுக்குப் பிரயோசனமானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பத்துக்குப் பன்னிரண்டு

நாங்கள் அண்ணன் தம்பி, அக்கா தங்கை ஐந்து பேர். பெரியண்ணன் மட்டும் நாங்கள் பிறந்த தோட்டத்திலேயே, அதே லயத்திலேயே இருக்கிறார். அக்கா கட்டிக்கொண்டது வேதக்காரக் குடும்பத்தில். அதனாலே எங்களுக்கு நத்தாரும் பண்டிகை, பொங்கலும் பண்டிகை. அக்கா வீட்டில் பாலன் குடில் கட்டி, நடுச்சாமப் பூசைக்குப் போய், ரவை போட்ட கேக்கை எல்லாருக்கும் வெட்டிக் கொடுப்பார்கள். பிறகு அவர்களும் சேர்ந்து பெரியண்ணன் வீட்டுக்குப் பொங்கலுக்கு வருவார்கள். பிள்ளைகுட்டி, மருமக்கள் எல்லாரையும் எண்ணினால் 31 பேர்.

வீடு என்ன வீடு? பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னுக்கு ஒரு இஸ்தோப்பு. பெண்களும் பிள்ளைகளும் உள்ளே குறுக்காலே படுப்பார்கள். ஆம்பிளைகள் இஸ்தோப்பிலும் பக்கத்து வீட்டு இஸ்தோப்பிலும். கம்பளி போதாவிட்டால் படங்குச் சாக்கு. நடுச்சாமத்தில் ஒருத்தர் இருமினால் நாலு பேர் எழும்பிச் சாயத்தண்ணி கேட்பார்கள். விடிந்தால் பீலிக்கரையில் வரிசை. அந்த நெருக்கடியிலே இருந்த சந்தோசத்தை நாங்கள் வேறெங்கும் கண்டதில்லை.

பொங்கல் அன்று வாசலிலே மூன்று கல் வைத்து, கவ்வாத்து மிலாறை அடுக்கி, பெரிய பானை ஏற்றுவோம். நாம் நெல் விளைக்கிற ஆட்கள் இல்லை. நம்முடைய அரிசி கடை அரிசி. சில வருசம் மூடுபனியிலே சூரியன்கூட தெரியாது. ஆனாலும் கிழக்குப் பக்கம் பார்த்துக் கும்பிடுவோம். தலைமன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்த நம்முடைய பாட்டன் பூட்டன்மார் வயற்காட்டிலே இருந்து கொண்டுவந்த வழக்கம் இது. அவர்கள் வரத் தொடங்கி 200 வருசம் ஆனதை 2023இல் நினைவுகூர்ந்தோம். அந்த வழக்கம் இன்னும் நம்மோடு இருக்கிறது.

ஆட்கள் வராத பொங்கல்

இவ்வளவு நல்ல கூடுகையை நாங்களே ஒரு முறை கெடுத்துக்கொண்டோம். அது 2012ஆம் வருசப் பொங்கல்.

அதுவரைக்கும் செலவெல்லாம் பெரியண்ணன் தலையில்தான். "அண்ணன் வீடு, அண்ணன் பாத்துக்குவாரு" என்று நாங்கள் எல்லாரும் கையை வீசிக்கொண்டு போவோம். கொழும்புத் தம்பி பிள்ளைகளுக்கு உடுப்பு கொண்டுவருவான், அதோடு சரி. தீபாவளிக்கு எடுத்த முற்பணம் இன்னும் சம்பளத்தில் கழிபட்டுக்கொண்டிருக்கும். கிழமைக் கடன் ஒரு பக்கம், கடைக் கொப்பி ஒரு பக்கம். இதையெல்லாம் அண்ணன் வாய் திறந்து சொன்னதே இல்லை. தங்கச்சிதான் கண்டுபிடித்தாள். அண்ணி காதிலே தோடு இல்லை. துளை தூர்ந்துபோகாமல் இருக்க ஈர்க்குச்சி செருகியிருந்தார். முடியை இழுத்து மூடியிருந்தார். தோடு அடகுக் கடையில். அந்தக் காசிலேதான் நாங்கள் 31 பேரும் மூன்று நாள் சாப்பிட்டோம்.

தங்கச்சி அதைக் கேட்டது தப்பில்லை. கேட்ட நேரம்தான் தப்பு. மாட்டுப்பொங்கல் இராத்திரி. ஆம்பிளைகள் போத்தலோடு உட்கார்ந்திருந்த நேரம். "யாரு எவ்வளவு குடுத்தா?" என்று பேச்சு தொடங்கிற்று. மச்சான் ஒரு வார்த்தை, தம்பி ஒரு வார்த்தை. கடைசியில் கைகலப்பு. பிள்ளைகள் அலறிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினார்கள். விடியக் காலமே ஒவ்வொருத்தராக மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

அடுத்த வருசப் பொங்கலுக்கு யாரும் வரவில்லை. அண்ணனும் அண்ணியும் எங்கள் அப்பாயியும் மட்டும் ஒரு சின்னச் சட்டியில் பொங்கினார்கள்.

அப்பாயிக்கு அப்போது எண்பது தாண்டிவிட்டது. அவர் கூடப்பிறந்த தங்கை இந்தியாவுக்குப் போனவர். 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் போட்டார்கள். நம்மவர்களில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு என்றும், 3 லட்சம் பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தார்கள். மிச்சம் ஒன்றரை லட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். நம்மை யாரும் கேட்கவில்லை. ஒரே காம்பராவில் பிறந்த அக்காளும் தங்கச்சியும் ஆளுக்கொரு நாடானார்கள். ஸ்டேசனிலே கோச்சி கிளம்பும்போது ஜன்னல் வழியாகப் பிடித்த கையை விடத்தான் வேண்டியிருந்தது. அந்தச் சின்ன அப்பாயி நீலகிரியில், கோத்தகிரிப் பக்கம், அங்கேயும் தேயிலைத் தோட்டத்திலேயே வாழ்ந்தார். இரண்டு பேரும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளவே இல்லை.

சட்டிப் பொங்கல் பொங்கிய கதையைக் கேள்விப்பட்டு நாங்கள் அப்பாயியைப் பார்க்கப் போனோம். அவர் சத்தம் போடவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எங்களக் கவர்மெண்டு பிரிச்சிச்சி. ஒங்களப் பிரிச்சது யாரு?"

எங்களிடம் பதில் இல்லை.

கொப்பியில் எழுதிய ஒழுங்கு

2014 பொங்கலுக்கு முன்னே ஐந்து பேரும் உட்கார்ந்து பேசினோம். பெரிய சட்டதிட்டம் ஒன்றும் இல்லை. பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றில் நாலைந்து காரியம் எழுதினோம்.

முதலாவது, பண்டிகைக்கு மூன்று கிழமைக்கு முன்னமே யார் என்ன கொண்டுவருவது என்று பேசிக்கொள்வது. பச்சரிசியும் பயறும் ஒருத்தர். தேங்காயும் சர்க்கரையும் ஒருத்தர். முறுக்கும் அதிரசமும் அக்கா சுட்டுக்கொண்டு வருவார். கஜு, பிளம்ஸ், பருப்பு, கருவாடு கொழும்புத் தம்பி பொறுப்பு. முடியாத வருசம் முடியாது என்று முன்கூட்டியே சொல்லலாம். அதிலே வெட்கம் இல்லை. பெரியண்ணன் கொடுப்பது இடமும் அடுப்பும் மட்டும்.

இரண்டாவது, புது உடுப்பு பிள்ளைகளுக்கு மட்டும். பெரியவர்கள் துவைத்து மடித்து வைத்ததை உடுத்தலாம். கடனுக்கு உடுப்பு எடுக்கவே கூடாது.

மூன்றாவது, பொங்கல் அன்று அண்ணிதான் விருந்தாளி. வருசம் முழுக்க மலையிலே கொழுந்தெடுத்து, வீட்டுக்கு வந்தும் அடுப்படியில் நிற்கிற பெண்ணுக்குப் பண்டிகை அன்றும் அடுப்படிதான் என்றால் அது யாருடைய பண்டிகை? விறகு பிளப்பது, தண்ணீர் கொண்டுவருவது, தேங்காய் திருவுவது, பானை கழுவுவது எல்லாம் ஆம்பிளைகள் வேலை. முதல் வருசம் அண்ணிக்கு உட்காரவே தெரியவில்லை. எழும்பி எழும்பி வந்தார். "நீங்க இருங்க அண்ணி" என்று மச்சான் பலகையைப் போட்டு உட்கார வைத்தார். போன சண்டையில் முதல் வார்த்தை விட்ட அதே மச்சான்தான்.

நாலாவது, சாராயக் காசு கொப்பியில் ஏறாது. போத்தல் வீட்டு வாசலுக்கு வராது. இதிலே நாங்கள் எல்லாரும் ஒரே நாளில் திருந்திவிட்டோம் என்று பொய் சொல்ல மாட்டோம். ஒரு வருசம் மீறினார்கள். மீறினவர்களுக்கு அப்பாயி தன் கையால் பொங்கல் கொடுக்கவில்லை. அடுத்த வருசம் மீறவில்லை.

அண்ணியின் தோட்டை ஐந்து பேரும் பங்கு போட்டு மீட்டோம். அது முடிய ஏழு மாதம் எடுத்தது.

ஒரு பிள்ளையின் காரியம்

கூடிச் சாப்பிடுவதற்கு மட்டுமா குடும்பம்? 2017 பொங்கலில் அதற்கும் பதில் கிடைத்தது.

எங்கள் தங்கச்சியின் புருசன் அதற்கு முந்தின வருசம் தவறிப்போனார். மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்கு 14 வயது. பொங்கலுக்கு வந்த தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் தங்கச்சியைத் தனியே கூப்பிட்டு, "கொழும்புல நல்ல வீடு இருக்கு. புள்ளையப் பாத்துக்கற வேலதான். மாசாமாசம் காசு வந்துரும். நானே கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லியிருக்கிறார். பண்டிகை முடிந்து திரும்புகிற பஸ்ஸிலே இப்படி எத்தனை பிள்ளைகள் போயிருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். நல்லபடியாகத் திரும்பி வந்தவர்களையும் தெரியும், வராதவர்களையும் தெரியும். மலையகத்தில் இருந்து வீட்டு வேலைக்குப் போன ஒரு சிறுமியின் சாவு 2021இல் நாட்டையே உலுக்கியதை நாம் மறக்கவில்லை.

தங்கச்சி சம்மதித்துவிட்டாள். குற்றம் சொல்ல முடியாது. அரைப்பேர் விழுகிற நாளில் மூன்று பிள்ளைகளுக்கு எப்படிச் சோறு போடுவது? ஆனால் அன்று இராத்திரி, பிள்ளைகள் தூங்கின பிறகு, பானை கழுவிக் கவிழ்த்த பிறகு, அவளே அதை எல்லார் முன்னாலும் சொன்னாள். யாரும் குடித்திருக்கவில்லை. அதனாலே பேச முடிந்தது.

கொப்பியை எடுத்தோம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு மாதம் எவ்வளவு? பஸ் காசு, சப்பாத்து, கொப்பி, டியூசன் எல்லாம் கூட்டினோம். ஐந்து குடும்பத்துக்குப் பங்கு போட்டோம். ஆளுக்கு வந்த தொகை ஒரு போத்தல் சாராயத்தின் விலைக்கும் குறைவு. மச்சான்தான் அதைக் கணக்குப் பார்த்துச் சொன்னார். சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

அந்தப் பிள்ளை கொழும்புக்குப் போகவில்லை. சாதாரண தரம் எழுதினாள், உயர்தரம் எழுதினாள். இன்றைக்குக் கல்வியியற் கல்லூரியில் படிக்கிறாள். டீச்சராக வரப் போகிறாள்.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் 14 வயதுவரை பள்ளிக்கூடம் போவதை 1998இல் கட்டாயமாக்கினார்கள். 2016இல் அதை 16 வயதாக உயர்த்தினார்கள். வேலைக்கு வைக்கும் குறைந்த வயதையும் 2021இல் 14இலிருந்து 16ஆக்கினார்கள். ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் 1929 என்ற இலக்கத்துக்குப் பேசலாம். அது சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். ஆனால் தங்கச்சியின் வீட்டிலே அன்றைக்குச் சோறு இல்லை. அந்தக் குறையைத் தீர்த்தது கூடப்பிறந்தவர்கள்தான்.

கடைசியாக ஒரு வார்த்தை

அப்பாயி இப்போது இல்லை. போவதற்கு முந்தின பொங்கலில், கோத்தகிரியில் இருக்கிற தங்கச்சியின் பேரப்பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, போனிலே முகம் பார்த்துப் பேச வைத்தோம். சின்ன அப்பாயி அதற்கு முன்னமே காலமாகியிருந்தார். ஆனால் பேத்தி ஒருத்திக்கு அதே மூக்கு, அதே சிரிப்பு. அப்பாயி போனைத் தடவிக்கொண்டே இருந்தார். அன்றைக்கே அவர் சொல்லச் சொல்லக் குடும்பத்துப் பேர்களை எல்லாம் அந்தக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டோம். உங்கள் வீட்டிலும் வயதானவர்கள் இருப்பார்கள். இந்தப் பண்டிகையிலே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள்.

இந்த வருசம் உங்கள் காம்பராவிலும் கூட்டம் நிறையட்டும். வருகிறவர்கள் வெறுங்கையோடு வரவேண்டாம். வீட்டுக்காரி காதிலே தோடு இருக்கிறதா என்று ஒருக்கால் பாருங்கள். திரும்பிப் போகிறபோது எந்தப் பிள்ளையையும் பள்ளிக்கூடத்தில் இருந்து பிரித்துக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

எல்லாருக்கும் நத்தார், புதுவருச, பொங்கல் வாழ்த்துகள். நேரமாகிவிட்டது, பனி இறங்குகிறது. பிள்ளைகளைப் போர்த்திக் கூட்டிக்கொண்டு போங்கள்.