பலர் கூடி ஒன்றைத் தெரிதல்

தனிமனிதன் ஒருவன் தனக்கு வேண்டியதைத் தெரிந்துகொள்வது ஒப்பளவில் எளிது. விருப்பங்களைத் தன் மனத்துள்ளே நிறுத்துப் பார்த்து ஒன்றை ஏற்கிறான், மற்றதை விடுகிறான். ஊருக்கு அவ்வாறு ஒரு மனம் இல்லை. பல மனங்கள் உள. அப்பல மனங்களிலிருந்து ஒரே முடிவைப் பெறுவது எங்ஙனம், அதனை ஊரின் முடிவு என்று எந்த உரிமையுடன் கூறுவது என்னும் வினா அரசியற் சிந்தனையின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்றாகும்.

'பெரும்பான்மையோர் விரும்புவதே முடிவு' என்று விடை கூறுவோர் பலர். அவ்விடை பிழையன்று, ஆயினும் முழுமையானதன்று. கைகளை எண்ணுவதற்கு முன்னரே மூன்று காரியங்கள் முடிவாகிவிடுகின்றன. எண்ணப்படுவோர் யாவர் என்பது ஒன்று. எவற்றுள், எந்த ஒழுங்கில் தெரிவு நடைபெறும் என்பது மற்றொன்று. தனித்தனிக் குரல்களை ஒரே குரலாக்கும் விதி யாது என்பது மூன்றாவது. இவற்றை விளங்கிக்கொள்ளக் கல்முனைக் கரையோரத்து ஊர்களே போதிய சான்று தருகின்றன.

இக்கரையில் தமிழரிடையிலும் முஸ்லிம்களிடையிலும் குடிமுறை நெடுங்காலம் நிலவி வந்திருக்கிறது. குடி தாய்வழியாக வருவது. தாய் எக்குடியினளோ பிள்ளைகளும் அக்குடியினரே. ஒரே குடிக்குள் மணம் செய்வது வழக்கமன்று. முஸ்லிம் ஊர்களில் பள்ளிவாசல் நிருவாகத்துக்குக் குடிக்கொரு மரைக்காயர் என்ற முறையில் பிரதிநிதிகள் அமர்ந்தனர். பள்ளிவாசற் காரியங்களையும் ஊர்ப் பிணக்குகளையும் அவர்கள் மஷூரா செய்து தீர்த்தனர்.

இம்முறையில் எண்ணப்பட்டவை தலைகள் அல்ல, குடிகளே. நூறு வீடுகள் கொண்ட குடிக்கும் பத்து வீடுகள் கொண்ட குடிக்கும் சபையில் இடம் உண்டு. ஆகவே சிறிய குடியினரின் மனத்தாங்கலைக் கேளாது காரியத்தை முடிப்பது அரிது. அஃது இம்முறையின் சிறப்பு. குறைகளும் இல்லாமலில்லை. எல்லோரும் இசைய வேண்டுமெனின் பிடிவாதமுள்ள ஒருவர் எல்லோரையும் தடுத்து நிறுத்தலாம். அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. குடி பெண்வழியாக வந்தபோதும், குடியின் சார்பில் பேசிய மரைக்காயர் ஆண்மகனாகவே இருந்தார். எண்ணப்படுவோர் யாவர் என்னும் கேள்விக்கு அச்சபை பாதி ஊரை விலக்கியே விடை கண்டது. 1956ஆம் ஆண்டின் வக்பு சட்டத்தின் பின்னர் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் நியமனம் சட்டத்தின் வரம்புக்குள் வந்தது. குடிமுறையும் எல்லா ஊர்களிலும் ஒரே வலிமையுடன் நிலைக்கவில்லை.

தமிழகத்தின் உத்திரமேரூரில் இதனின் வேறான ஒரு முறை கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919ஆம், 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அச்சாசனங்கள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். முப்பத்தைந்து வயதுக்குக் குறைந்தோருக்கும் எழுபதைக் கடந்தோருக்கும் இடமில்லை. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதோருக்கும் அவர்தம் உறவினருக்கும் இடமில்லை. திருவுளச் சீட்டுக்குச் செல்வர், வறியர் என்ற வேறுபாடு தெரியாது. அதற்குக் கைக்கூலியும் கொடுக்க இயலாது. ஆனால் குடத்துள் இடப்பட்ட ஓலைகள் யாருடையவை? அது பிராமணர் சபை. நிலமும் மனையும் கல்வியும் உடைய ஆடவர்க்கே அங்கு இடமிருந்தது. விதி எத்துணை நேரியதாயினும் வட்டம் குறுகியதாயின் நீதியும் குறுகியதே.

இனி, தெரிவுக்கு வைக்கப்படும் பொருளை நோக்குவோம். அம்பாறை மாவட்டத்தில் போகந்தோறும் விவசாயிகளின் ஆரம்பக் கூட்டம் நடைபெறுகிறது. நீர் திறக்கும் நாள், விதைப்பு முடிய வேண்டிய நாள் முதலியன அங்கு முடிவாகின்றன. நீர் திறக்கும் நாளைப் பற்றி மூன்று கருத்துகள் எழுவதாகக் கொள்வோம்: முந்திய வாரம், நடுவாரம், பிந்திய வாரம். முந்திய வாரத்தை விரும்புவோருக்கு நடுவாரம் இரண்டாம் விருப்பமாகும். பிந்திய வாரத்தை விரும்புவோருக்கும் அவ்வாறே. இருசாராருள் எவரும் தனித்துப் பெரும்பான்மையினர் அல்லராயின் நடுவாரம் எதனோடு ஒப்பிடப்பட்டாலும் வெல்லும். மாற்றுகள் ஒரே கோட்டில் அமைந்து, ஒவ்வொருவரும் தமக்கு உகந்த புள்ளியிலிருந்து விலக விலக விருப்பம் குறைவாராயின், பெரும்பான்மை வாக்கு தடுமாறாது நடுவோனிடம் சென்று நிற்கும். ஸ்கொத்லாந்து அறிஞர் டங்கன் பிளாக் 1948இல் இதனை நிறுவினார்.

எல்லாக் காரியங்களும் இவ்வாறு ஒரே கோட்டில் அமைவதில்லை. ஊரொன்றின் பொதுப்பணத்தில் ஒரு வேலையே செய்யலாம் என்று வைத்துக்கொள்வோம். சந்தைக்குக் கூரை, மழைநீர் வடிகால், நூலகம் என்ற மூன்றும் வேண்டப்படுகின்றன. ஊரில் ஒத்த தொகையினரான மூன்று பகுதியினர் உளர். முதற் பகுதியார் சந்தை, வடிகால், நூலகம் என வரிசைப்படுத்துகின்றனர். இரண்டாம் பகுதியாரின் வரிசை வடிகால், நூலகம், சந்தை. மூன்றாம் பகுதியாரின் வரிசை நூலகம், சந்தை, வடிகால். இப்போது சந்தையையும் வடிகாலையும் ஒப்பிட்டால், முதலாம் மூன்றாம் பகுதியார் துணையுடன் சந்தை வெல்லும். வடிகாலையும் நூலகத்தையும் ஒப்பிட்டால் வடிகால் வெல்லும். ஆயின் சந்தை நூலகத்தையும் வெல்லுமென்று எதிர்பார்ப்பது இயல்பு. அவ்வாறு நிகழ்வதில்லை, இரண்டாம் மூன்றாம் பகுதியார் சேர்ந்து நூலகத்தை வெல்லச் செய்கின்றனர். பெரும்பான்மையின் விருப்பம் செக்கு மாட்டைப் போலச் சுற்றிச் சுற்றி வருகிறது. பிரெஞ்சு அறிஞர் கொந்தோர்சே 1785இல் இதனை எடுத்துக்காட்டினார்.

இச்சுழற்சியால் விளைவது யாது? சபைத் தலைவர் முதலில் சந்தையையும் வடிகாலையும் வாக்குக்கு விட்டு, வென்றதை நூலகத்தோடு மோதவிட்டால் இறுதியில் நூலகம் வெல்லும். முதலில் வடிகாலையும் நூலகத்தையும் எடுத்தால் சந்தை வெல்லும். முதலில் நூலகத்தையும் சந்தையையும் எடுத்தால் வடிகால் வெல்லும். ஒருவரும் தம் கருத்தை மாற்றவில்லை. ஒரு வாக்கும் களவு போகவில்லை. முடிவு மட்டும் மூன்று விதமாகிறது. நிகழ்ச்சி நிரலை எழுதுபவரின் கை வாக்களிப்போரின் கைகளை விடப் பலமுடையதாகிவிடுகிறது. ஆதலின் நிரல் முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியவேண்டும். அதனை மாற்றக் கோரும் உரிமையும் எல்லோருக்கும் இருத்தல் வேண்டும்.

இக்குறையற்ற விதி ஏதேனும் உண்டா என அமெரிக்கப் பொருளியலறிஞர் கெனத் அரோ ஆராய்ந்து, 1951இல் தம் முடிவை நூலாக வெளியிட்டார். எல்லோரும் ஒன்றை மற்றதினும் விரும்பின் ஊரும் அதனையே விரும்ப வேண்டும். இரண்டை ஒப்பிடும்போது மூன்றாவது ஒன்று குறுக்கிடலாகாது. ஒருவர் விருப்பமே என்றும் ஊரின் விருப்பமாகிவிடக் கூடாது. மக்கள் எவ்வாறு வரிசைப்படுத்தினும் முரணற்ற விடை கிடைக்க வேண்டும். மிக எளியனவாகத் தோன்றும் இவையனைத்தையும், மாற்றுகள் மூன்றோ அதற்கு மேலோ ஆகும்போது, எந்த வாக்கு விதியும் ஒருங்கே நிறைவேற்ற இயலாதென அவர் காட்டினார். இதனால் மக்களாட்சி வீண் என்று கொள்வது தவறு. அமர்த்திய சென் 1970இல் வெளியிட்ட நூலில் இதற்கு வழியொன்றைக் காட்டினார். விருப்ப வரிசையை மட்டுமன்றி, யாருக்கு எவ்வளவு இடர் என்பதையும் கணக்கிற் கொண்டால் நியாயமான முடிவை நோக்கிச் செல்லலாம். மாரிதோறும் வீட்டினுள் வெள்ளம் புகும் குடும்பத்தின் ஒரு வாக்கும், நூலகம் தொலைவில் இருப்பதாக வருந்துவோரின் ஒரு வாக்கும் எண்ணிக்கையில் ஒன்றே, இடரில் ஒன்றல்ல. எண்ணுவதற்கு முன் பேசுவதும் கேட்பதும் இதன் பொருட்டே அவசியமாகின்றன.

விதி மாறினால் முடிவும் மாறும் என்பதற்கு இலங்கையின் வரலாறு நல்ல சான்று. 1931இல் ஆண் பெண் இருபாலாருக்கும் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. அதனோடு இனவாரிப் பிரதிநிதித்துவம் நீங்கி, பிரதேசவாரித் தொகுதிகள் வந்தன. பல இனத்தவர் கலந்து வாழும் சில இடங்களில் பின்னர்ப் பல அங்கத்தவர் தொகுதிகள் வகுக்கப்பட்டன. 1977ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் பொத்துவில் இரட்டை அங்கத்தவர் தொகுதியாயிற்று. ஒரு முஸ்லிமும் ஒரு தமிழரும் அங்கிருந்து பாராளுமன்றம் சென்றனர். ஒரே ஆசனமாயிருப்பின் ஒருசாரார் வெறுங்கையுடன் நின்றிருப்பர்.

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொணர்ந்தது. ஆயினும் ஒரு மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்கு வாக்குப் பெறாத கட்சிக்கு ஆசனம் இல்லை என விதித்தது. அம்பாறையில் செறிந்து வாழும் முஸ்லிம்களுக்கு அஃது அத்துணைத் தடையன்று. பிற மாவட்டங்களில் சிதறி வாழ்வோருக்கே பெருந்தடை. முஸ்லிம் காங்கிரசின் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரப் இதனைக் குறைக்க வேண்டுமென வற்புறுத்தினார். 1988இல் பதினைந்தாவது திருத்தத்தின் மூலம் எட்டில் ஒன்று இருபதில் ஒன்றாகக் குறைக்கப்பட்டது. சட்டத்தின் ஒரு பின்னம் மாறியதால் சிறுபான்மையினர் பலருக்கும் சிறு கட்சிகளுக்கும் கதவு திறந்தது.

சனாதிபதித் தேர்தலில் வாக்காளர் மூன்று விருப்பங்கள் வரை வரிசைப்படுத்தலாம். 2024ஆம் ஆண்டுத் தேர்தலில்தான் முதன்முறையாக எவரும் பாதிக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெறாமையால் விருப்ப வாக்குகள் எண்ணப்பட்டன. நீக்கப்பட்ட வேட்பாளர்களுக்குக் கிடைத்த வாக்குகள் ஏறத்தாழ 33 இலட்சம். அவற்றுள் எஞ்சிய இருவருக்கும் சேர்ந்த விருப்பங்கள் மூன்று இலட்சத்துக்கும் குறைவு. வாக்குச்சீட்டில் இருந்த உரிமையைப் பெரும்பாலோர் பயன்படுத்தவில்லை. விதியை அறியாதார்க்கு விதி தரும் உரிமையும் கைவராது.

எஞ்சியிருப்பது எண்ணப்படுவோர் யாவர் என்னும் கேள்வி. மூன்றனுள் மிகக் கடினமானது இதுவே. மக்கள் தீர்மானிக்கட்டும் என்று கூறுவது எளிது. ஆனால் மக்கள் யாவர் என்பதை யாரேனும் முன்னரே தீர்மானிக்காதவரை மக்களால் தீர்மானிக்க இயலாது என்னும் கருத்தை 1956இல் வெளிப்படுத்தியவர் சேர் ஐவர் ஜெனிங்ஸ். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராயிருந்தவர் அவர்; சுதந்திர இலங்கையின் முதல் அரசியலமைப்பு உருவாகியபோது ஆலோசனை கூறியவரும் அவரே.

அவர் கூறியதன் உண்மையைக் கல்முனை நன்கு அறியும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்துக்கு முன்னைய காலத்தில் கல்முனைப் பட்டின சபையும் கரைவாகு தெற்கு, வடக்கு, மேற்குக் கிராம சபைகளும் தனித்தனியே இயங்கின. பின்னர் அவை ஒன்றாயின. கரைவாகு தெற்காயிருந்த சாய்ந்தமருது தனக்கென ஒரு சபை வேண்டுமெனக் கேட்டது. 2018ஆம் ஆண்டு உள்ளூராட்சித் தேர்தலில் அக்கோரிக்கையை முன்வைத்த சுயேச்சைக் குழு அங்கு பெருவெற்றி பெற்றது. 2020 பெப்ரவரியில் தனிச் சபைக்கான வர்த்தமானி அறிவித்தல் வெளியாகி, சில நாட்களிலேயே இடைநிறுத்தப்பட்டது. மறுபுறம், கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்த வேண்டுமென்று தமிழர் கேட்டனர். 2019 ஜூனில் அதன்பொருட்டு உண்ணாவிரதம் நடந்தது. அதற்கு எதிராக முஸ்லிம்களும் சத்தியாக்கிரகம் இருந்தனர்.

இவ்வழக்குகளை வாக்கெடுப்பால் தீர்க்கலாமா? சாய்ந்தமருது மட்டும் வாக்களித்தால் ஒரு விடை. கல்முனை முழுவதும் வாக்களித்தால் வேறொரு விடை. பாண்டிருப்பும் அதனை அடுத்த தமிழ்க் குறிச்சிகளும் மட்டும் வாக்களித்தால் ஒரு விடை. மருதமுனையும் நற்பிட்டிமுனையும் சேர்ந்தால் மற்றொன்று. வட்டத்தை எங்கு வரைவது என்பதே பிணக்காக இருக்கும்போது, வட்டத்துக்குள் எண்ணுவதால் பிணக்குத் தீராது. மேலும், சிறிய வட்டத்துள் பெரும்பான்மையாகும் ஒவ்வொரு சாராரும் தமக்குள் வேறொரு சிறுபான்மையை உருவாக்குகின்றனர்.

ஆயின் செய்யத்தக்கது யாது? ஒருசாரார் தமக்கெனக் கேட்கும் அளவுகோலை மற்றச் சாராருக்கும் மறுக்காதிருத்தல் முதலாவது. சாய்ந்தமருதுக்கு ஊரின் பழைய எல்லை நியாயமாயின் பிற ஊர்களின் பழைய எல்லைகளும் நியாயமே. தமிழருக்கு அண்மையில் ஓர் அலுவலகம் தேவையாயின் முஸ்லிம்களுக்கும் அத்தேவை உண்டு. எல்லை எவ்வாறு அமையினும் அதனுள் அகப்படும் சிறு தொகையினருக்குச் சபையிலும் சந்தையிலும் காணியிலும் உறுதியான பங்கு இருத்தல் இரண்டாவது. இவ்விரண்டையும் எந்தக் கோடு யாருக்கு ஆதாயம் என்று தெரிவதற்கு முன்னரே உடன்படுதல் மூன்றாவது. பாகம் பிரிப்பவன் தன் பங்கைக் கடைசியில் எடுக்க வேண்டுமென்றால் சமமாகவே பிரிப்பான். அந்த நீதியே இங்கும் வேண்டப்படுவது.

வென்றவர் முடிவை ஏற்பதில் வியப்பில்லை. தோற்றவரும், 'எம்மைக் கேட்டனர், எம்மையும் எண்ணினர், அடுத்த முறை எமக்கும் இடமுண்டு' என்று கூறி வீடு திரும்ப இயலுமாயின், அம்முடிவை ஊரின் முடிவு என்று சொல்லலாம்.