உப்பு வெளியே போக வழி இருக்கா?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில், கூட்டுப் பண்ணை பற்றிய பேச்சின்போது நாவலூர் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு "மண் வளம்". பொதுவா பேசிட்டு உட்கார்ந்தா கை தட்டுவீங்க, அதோட மறந்துடுவோம். அதனால ஒரு குறிப்பிட்ட நிலத்தைப் பத்தியே பேசறேன். பக்கிங்காம் கால்வாய் ஓரமா இருக்கிற அந்தத் தாழ்ந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கூட்டுப் பண்ணை போடலாம்னு மூணு மாசமா எல்லாக் குழுவிலயும் பேச்சு நடக்குது. முன்பணம் நம்ம சேமிப்பில இருந்துதான் போகப் போகுது. வாரா வாரம் பூ கட்டி, இட்லி வித்து, வீட்டு வேலை செஞ்சு போட்ட பணம். அதனால தீர்மானப் புத்தகத்தில கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அந்த மண்ணைப் பத்தி நாலு வார்த்தை சொல்லணும்னு நினைக்கிறேன். வேளாண்மைத் துறைப் பயிற்சியில கேட்டதும், அப்புறம் படிச்சதும், கண்ணால பார்த்ததும் சேர்ந்ததுதான் இது.

அந்த நிலம் எல்லாருக்கும் தெரியும். மேற்கே கொஞ்சம் மேடு. கிழக்கே போகப் போகத் தாழ்ந்து கால்வாய்ல முடியும். பங்குனி சித்திரையில நடுப்பகுதி சுண்ணாம்பு தெளிச்ச மாதிரி வெள்ளையா பூத்துக் கிடக்கும். அடிக்கோடியில உமரி முளைச்சிருக்கும், காலை வெச்சா கணுக்கால் வரைக்கும் கறுப்புச் சேறு. மூணு பகுதிக்கும் மூணு குணம். நாம பேசும்போது மட்டும் "உப்பு நிலம்"னு ஒரே பேர்ல சொல்லிடறோம்.

உப்பைப் பத்தி முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கணும். உப்பு மக்காது, எரியாது, வெயில்ல ஆவியாகாது. தண்ணி மட்டும்தான் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கிடும். உப்பளத்தில நடக்கிறது அதுதானே? அதனால நிலத்துக்குள்ள வந்த உப்பு, தண்ணியோட சேர்ந்து வெளியே போனாத்தான் உண்டு. போக வழி இல்லைன்னா வருஷா வருஷம் சேர்ந்துக்கிட்டே இருக்கும்.

அது மேலே எப்படி வருது? விளக்குத் திரியில எண்ணெய் ஏறுதே, அது மாதிரி. அடியில உப்புத் தண்ணி நாலடி அஞ்சடியில நின்னா, களிமண் அதை உறிஞ்சி மேலே கொண்டு வரும். வெயில் தண்ணியைக் குடிச்சிட்டு உப்பை மேலே விட்டுடும். நம்ம வீட்டுச் சுவர்ல அடியில காரை பெயர்ந்து வெள்ளையா பூக்குதே, அதுவும் இதே வேலைதான். சுவரை எத்தனை தடவை சுரண்டினாலும் திரும்பப் பூக்கும். ஏன்னா ஈரம் கீழே இருந்து வருது.

இப்போ நம்ம குழுக்கள்ல பேசிக்கிற பேச்சுக்கு வரேன்.

"ஒரு நல்ல மழை பெய்ஞ்சா உப்பு கழுவிட்டுப் போயிடும்"னு சொல்றாங்க. பாதி உண்மை. மணல் நிலத்தில, கிழக்குக் கடற்கரைச் சாலை பக்கம் சவுக்குத் தோப்பு இருக்கிற மாதிரி இடத்தில, மழை உப்பைச் சீக்கிரம் இறக்கிடும். நம்மது களிமண். கடல் தண்ணியில நம்ம சமையல் உப்பில இருக்கிற சோடியம் நிறைய இருக்கு. அந்தச் சோடியம் களிமண்ணோட ஒட்டிக்கும். மழைத் தண்ணி மேலே இருக்கிற உப்பைக் கழுவிட்டு, ஒட்டின சோடியத்தை அப்படியே விட்டுட்டா, மண் கட்டி உடைஞ்சு கூழாகி, காத்தும் தண்ணியும் போற ஓட்டையெல்லாம் அடைச்சுக்கும். மழை பெய்ஞ்சா தண்ணி இறங்காம கலங்கலா நிக்கும். காய்ஞ்சா பாறை மாதிரி இறுகி வெடிக்கும். உப்பு அதிகமா இருக்கிறது உவர் நிலம். சோடியம் ஒட்டி இப்படிக் கெட்டது களர் நிலம். ரெண்டும் வேற, வைத்தியமும் வேற. உவர் நிலத்துக்கு நல்ல தண்ணியும் வடிகாலும் வேணும். களர் நிலத்துக்கு அதுக்கும் முன்னாடி ஜிப்சம் வேணும். ஜிப்சத்தில இருக்கிற சுண்ணாம்புச் சத்து சோடியத்தைத் தள்ளிட்டு அந்த இடத்தில உட்காரும். தள்ளி விட்ட சோடியத்தைத் தண்ணி வெளியே கொண்டு போகணும்.

வீட்டிலேயே ஒண்ணு செஞ்சு பார்க்கலாம். கண்ணாடி டம்ளர்ல மழைத் தண்ணி ஊத்தி, காய்ஞ்ச மண் கட்டி ஒண்ணை மெதுவா உள்ளே விட்டு, ஆட்டாம வெச்சுடுங்க. கட்டியைச் சுத்திப் பால் மாதிரி கலங்கல் பரவித் தெளியாமலே இருந்தா, களர்த் தன்மை இருக்குன்னு சந்தேகப்படலாம். ஆனா உப்பும் சோடியமும் சேர்ந்தே இருந்தா தண்ணி தெளிவா நின்னு நம்மளை ஏமாத்தும். அதனால இது பரிசோதனை நிலையத்துக்கு மாத்து இல்லை.

"எரு போட்டா சரியாகிடும்"னு ரெண்டாவது பேச்சு. எரு நல்லது. மண்ணைப் பொலபொலன்னு ஆக்கும், மூடாக்கு போட்டா உப்பு மேலே ஏறறதையும் குறைக்கும். ஆனா எரு உப்பை வெளியே தள்ளாது.

"போர் போட்டுத் தண்ணி பாய்ச்சினா போதும்"னு மூணாவது பேச்சு. இதுதான் எனக்கு ரொம்பப் பயம். கணக்குப் பாருங்க. ஒரு ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் உயரம் தண்ணி கட்டினா சுமார் 2 லட்சம் லிட்டர். அந்தத் தண்ணியில லிட்டருக்கு 2 கிராம் உப்பு இருந்தா, ஒரே ஒரு பாய்ச்சல்ல 400 கிலோ உப்பு நிலத்தில இறங்குது. 50 கிலோ மூட்டையில எட்டு மூட்டை! லிட்டருக்கு 2 கிராம்னா வாயில வெச்சா லேசா கரிக்கும், அவ்வளவுதான். கடல் தண்ணியில லிட்டருக்கு 35 கிராம் இருக்கும். அதோட, கடலோரத்தில நல்ல தண்ணி உப்புத் தண்ணி மேலே மிதந்துக்கிட்டு இருக்கு. நல்ல தண்ணி கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நின்னா, கீழே சுமார் 40 அடி வரைக்கும் உப்புத் தண்ணியைத் தள்ளி வைக்கும்னு கணக்குச் சொல்றாங்க. மேலே 1 அடியை நாம இறைச்சுட்டா கீழே இருந்து உப்பு ஏறிடும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பக்கம் அளவுக்கு மீறி இறைச்சதில கடல் தண்ணி நிலத்தடியில பல கிலோமீட்டர் உள்ளே வந்துடுச்சு.

சரி, 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினத்தில வயலெல்லாம் கடல் தண்ணி புகுந்துச்சே, அங்கே திரும்ப நெல் விளையலையான்னு கேப்பீங்க. விளைஞ்சுது. மேலே படிஞ்ச சேத்தை வாரிப் போட்டாங்க, வரப்பு கட்டி மழைத் தண்ணியைத் தேக்கி வடிச்சாங்க, தேவைப்பட்ட இடத்தில ஜிப்சம் போட்டாங்க, தக்கைப்பூண்டு விதைச்சு மடக்கி உழுதாங்க. 2005 வடகிழக்குப் பருவமழையும் நல்லா கொட்டிச்சு. ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. அங்கே கடல் ஒரு தடவை வந்துட்டுத் திரும்பிப் போயிடுச்சு. நம்ம தாழ்ந்த பகுதியில கடல் வந்து போய்க்கிட்டே இருக்கு. முட்டுக்காட்டு முகத்துவாரம் திறந்திருக்கும்போது கடல் ஏறினா உப்புத் தண்ணி கால்வாய்க்குள்ள வருது. கோடையில மணல் அடைச்சு முகத்துவாரம் மூடினா உள்ளே நிக்கிற தண்ணி வத்தி இன்னும் கரிக்குது. கால்வாய்த் தண்ணி நிலத்தை விட உயரமா நிக்கிற நாள்ல, நாம உப்பைக் கழுவி எங்கே வடிக்கிறது?

இன்னொண்ணும் சேர்த்து யோசிக்கணும். 1901ல இருந்து 2018க்குள்ள உலகம் முழுக்கக் கடல் மட்டம் சராசரியா 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்குன்னு விஞ்ஞானிங்க கணக்கு எடுத்திருக்காங்க. ஒரு சாண் அளவுதானேன்னு தோணும். நம்ம நிலம் தட்டு மாதிரி கிடக்குது. இங்கே ஒரு சாண் உயர்ந்தா, உப்பு பல வயல் தாண்டி மேலே வரும். இன்னைக்கு நடுப்பகுதியா இருக்கிறது நாளைக்கு அடிக்கோடி ஆகலாம். பத்து வருஷக் குத்தகைன்னு பேசறப்போ இதை மறக்கக் கூடாது.

அடுத்தது அந்தக் கறுப்புச் சேறு. அழுகின முட்டை வாசனை வருதே, அது குப்பை நாத்தம் மட்டும் இல்லை. எப்பவும் தண்ணியில கிடக்கிறதால சேத்துக்குள்ள காத்து போகாது. அங்கே இருக்கிற நுண்ணுயிருங்க கடல் தண்ணியில இருக்கிற கந்தகச் சத்தை மாத்தி அந்த வாசனையை உண்டாக்குது. அது இரும்போட சேர்ந்து கறுப்பாகும். ஈரமா இருக்கிற வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. தோண்டி மேலே போட்டுக் காய வெச்சா, சில இடத்து மண்ல அதுவே கந்தக அமிலமா மாறிடும். அப்புறம் அங்கே புல்லு கூட முளைக்காது. வடியற தண்ணியில மீனும் சாகும். கேரளாவில குட்டநாட்டுக் கரி நிலத்தில இந்தத் தொந்தரவோடதான் விவசாயம் பண்றாங்க. அதனால "குளம் வெட்டி, அந்த மண்ணை மேலே போட்டு மேடாக்கலாம்"ங்கிற யோசனையைப் பரிசோதிக்காமல் தொடக் கூடாது.

கட்டட இடிபாடு கொட்டி மேடாக்கலாம்னும் சிலர் சொல்றாங்க. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துத் தண்ணி ஒக்கியம் மடுவு வழியா கால்வாய்க்கு வந்து, நம்ம பக்கமாத்தான் முட்டுக்காட்டுக்குப் போகுது. 2015லயும், 2023 மிக்ஜாம் புயல்லயும் எவ்வளவு தண்ணி நின்னுச்சுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தாழ்ந்த நிலத்தை அடைச்சா அந்தத் தண்ணி யார் வீட்டுக்குள்ள போகும்? கடல் தண்ணி ஏறி இறங்கற இடத்துக்குக் கடலோர ஒழுங்குமுறைச் சட்டமும் இருக்கு. அதோட அந்த அடிக்கோடி வெறும் தரிசு இல்லை. நம்ம உறுப்பினர்கள்லயே கழியில கையால இறால் தடவிப் பிடிச்சுக் குடும்பம் நடத்தறவங்க இருக்காங்க. அந்த இறால் குஞ்சு வளர்றது இந்தச் சேத்தோரத்திலதான். ஒரு குழுவுக்கு வருமானம் தேடிக்கிட்டுப் போய் இன்னொரு குழுவோட சோத்துல மண்ணைப் போடக் கூடாது.

பண்ணையே வேணாம்னு நான் சொல்லலை. நாலு விஷயம் தீர்மானமா எழுதணும்னு கேட்டுக்கிறேன்.

ஒண்ணு, முன்பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி மண்ணும் தண்ணியும் பரிசோதிக்கணும். மேடு, நடு, அடிக்கோடி மூணுக்கும் தனித்தனி மாதிரி. ஒவ்வொரு பகுதியிலயும் பத்து இடத்தில, மேல் குப்பையை ஒதுக்கிட்டு, "V" மாதிரி இல்லைன்னா ஆப்பு வடிவத்தில அரை அடி ஆழம் குழி வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டி எடுத்துக் கலந்து, நிழல்ல உலர்த்தி அரைக் கிலோ கொடுத்தா போதும். உப்பு பூத்த இடத்து மண்ணைத் தனியா கொடுக்கணும். மண்வள அட்டையில கார அமில நிலை, மின்கடத்தும் திறன்னு ரெண்டு எண் வரும். முதல் எண் 8.5க்கு மேல போனா களர்னு சந்தேகம். ரெண்டாவது உப்போட அளவு. ஏக்கருக்கு எவ்வளவு ஜிப்சம் வேணும்னும் கேட்டு எழுதி வாங்கணும். காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் மையத்திலயும் யோசனை கேக்கலாம்.

ரெண்டு, ஐப்பசி கார்த்திகை மழையில ரெண்டு மூணு தடவை போய், நிலத்துத் தண்ணி கால்வாய்க்கு வடியுதா, இல்லை கால்வாய்த் தண்ணி நிலத்துக்கு வருதான்னு குச்சி நட்டுப் பார்க்கணும். கோடையில மட்டும் நிலத்தைப் பார்த்து முடிவு பண்ணக் கூடாது.

மூணு, சோதனையில தேறினா மேட்டுப் பகுதியை மட்டும் முதல்ல எடுக்கலாம். தக்கைப்பூண்டு விதைச்சு 45 நாள்ல மடக்கி உழுது, மழைத் தண்ணியை நம்பி ஒரு போகம் நெல். களர் தாங்கற திருச்சி 1, திருச்சி 3 ரகம் திருச்சி அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரியில உண்டாக்கினது, சுமார் 135 நாள் பயிர். குழியடிச்சான், களர்பாலைன்னு பழைய ரகங்களும் உப்பைத் தாங்கும்.

நாலு, அடிக்கோடியை அப்படியே விட்டுடணும். கேரளாவில பொக்காளி நிலத்தில மழைக்காலத்தில நெல்லும், உப்பு ஏறற காலத்தில இறாலும்னு மாத்தி மாத்தி எடுக்கறாங்க. தென்மேற்கு மழை ஆறு மாசத்து உப்பைக் கழுவி, மதகு வழியா வடிச்சு விடறதால அது நடக்குது. அங்கேயும் பாருங்க, உப்பு வெளியே போக வழி இருக்கு.

குத்தகைக்காரர் வந்து "எவ்வளவு முன்பணம் கொடுக்கறீங்க"ன்னு கேட்டா, நாம திருப்பிக் கேக்க வேண்டியது ஒண்ணுதான்: "இந்த நிலத்து உப்பு எந்தப் பக்கமா வெளியே போகும், வந்து காட்டுங்க." காட்டினா பேசலாம். காட்ட முடியலைன்னா நம்ம பணம் வங்கியிலேயே இருக்கட்டும்.